ஒரு தச்சரும் அவர் பையனும்

1707, அக்டோபர் மாதத்து இரவு. இங்கிலாந்துக்குத் தென்மேற்கே, சில்லி தீவுகள் பக்கம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பாறைகளில் மோதி மூழ்கின. அட்மிரல் ஷோவெல் உள்பட ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஜலசமாதி! எதிரி யாரும் சுடவில்லை. 'நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?' என்பது கப்பலில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

நடுக்கடலில் வடக்கு, தெற்கு பிரச்னையில்லை. சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்துச் சொல்லிவிடலாம். கிழக்கு, மேற்குதான் தகராறு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. கப்பலில் உங்களுக்கு உச்சி வெயில், அதே சமயம் லண்டனில் மணி மூன்று என்றால், நீங்கள் லண்டனுக்கு மேற்கே 45 டிகிரியில் இருக்கிறீர்கள். கணக்கு சுலபம்தான். ஆனால், நடுக்கடலில் லண்டன் நேரத்தை யார் சொல்வது? பெண்டுலம் கடிகாரமோ கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் உளற ஆரம்பித்துவிடும்!

1714-ல் பார்லிமென்ட் ஒரு பரிசு அறிவித்தது. அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்ல வழி கண்டுபிடித்தால் 20,000 பவுன்! வானத்தைப் பார்த்துத்தான் விடை கிடைக்கும் என்று பெரிய பெரிய மேதைகள் நம்பினார்கள். கடிகாரத்தால் இது நடக்குமா என்பதில் நியூட்டனுக்கே சந்தேகம்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் வருகிறார். ஜான் ஹாரிசன். 1693-ல் யார்க்ஷயரில் பிறந்தவர். அப்பா தச்சர், பிள்ளையும் தச்சர். கடிகாரத் தொழிலை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கைக்குத் தெரிந்தது மரம். எனவே, பற்சக்கரங்களையும் மரத்திலேயே செய்தார்! ஒரு பணக்காரர் வீட்டுக்கு அவர் செய்த கடிகாரத்தில் எண்ணெயே போட வேண்டாம். தானாகவே எண்ணெய் கசியும் ஒரு மரத்தைத் தேடிப்பிடித்து உறுப்புகளைச் செய்திருந்தார் மனுஷன்.

தம்பி ஜேம்ஸ் கூடவே நின்று உதவினார். 1735-ல் முதல் கப்பல் கடிகாரம் ரெடி. எடை 34 கிலோ! மறுவருஷம் லிஸ்பன் போய்வந்த கப்பலில் நன்றாகவே ஓடியது. வேறு யாராயிருந்தாலும் அப்போதே 'பரிசைக் கொடு' என்றிருப்பார்கள். ஹாரிசனோ, 'இன்னும் நன்றாகச் செய்கிறேன்' என்று வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது கடிகாரத்துக்கு மட்டும் 19 வருஷம்! இதற்குள் மகன் வில்லியம் வளர்ந்து, அப்பாவுக்கு இன்னொரு ஜோடிக் கைகளாகிவிட்டார்.

நான்காவதுதான் அதிசயம். உள்ளங்கையில் வைக்கும்படி ஒரு பெரிய வாட்ச். அப்பாவுக்கு 68 வயதாகிவிட்டதால், 1761-ல் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தால், வாட்ச் பின்தங்கியது ஐந்தே விநாடி!

பரிசு கொடுத்தார்களா? அதுதான் இல்லை. 'குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம்' என்றது தீர்ப்பு சொல்ல வேண்டிய போர்டு. வில்லியம் மறுபடி கப்பலேறினார், இந்த முறை பார்படாஸுக்கு. அதிலும் பாஸ்! 'வாட்ச்சைப் பிரித்து ரகசியத்தைக் காட்டு' என்றார்கள். காட்டினார்கள். 1765-ல் பாதிப் பணம் வந்தது. மீதி வேண்டுமானால் இன்னும் இரண்டு வாட்ச் செய்துகாட்ட வேண்டுமாம்! போர்டில் இருந்த ராஜாங்க வானியலாளர் மஸ்கலின், நிலவை வைத்துக் கணக்குப் போடும் முறையின் ஆதரவாளர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

கடைசியில், 1772-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடமே முறையிட்டார் வில்லியம். மன்னர் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் பத்து வாரம் சோதித்துப் பார்த்து அசந்துபோனார். 1773-ல் பார்லிமென்ட் 8,750 பவுன் கொடுத்தது. ஹாரிசனுக்கு அப்போது வயது 80. மூன்றே வருஷத்தில் காலமானார்.

உங்கள் செல்போன் மேப்பில் நீங்கள் இருக்குமிடம் ஒரு புள்ளியாகத் தெரிகிறதே... அதற்கான செயற்கைக்கோள்களுக்குள் இருப்பதும் கடிகாரங்கள்தான்! 'சரியான நேரம் தெரிந்தால் சரியான இடம் தெரியும்' என்பதை உளியும் அரமுமாக நிரூபித்தது ஒரு தச்சர் குடும்பம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அந்தத் தச்சருக்கு ஒரு நினைவுக் கல் பதிக்க 2006 வரை ஆயிற்று. 230 வருஷம் லேட்!