தொடாமல் பாடும் பெட்டியும் பரணில் கிடக்கும் ரேடியோவும்



போன கிழமை எங்கள் மாணவர் ஒருவர், தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற இசைக்கருவியைச் செய்ய ஆசைப்பட்டு, வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோவைக் கழற்றியிருக்கிறார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தார். இருந்தும் ஷாக் அடித்தது. அல்ஹம்துலில்லாஹ், பெரிய பாதிப்பு இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

1920ஆம் ஆண்டளவில் பெத்ரோகிராட் நகரில் லெவ் தெரமின் என்ற பௌதிகவியலாளர், வாயுக்களின் மின்னியல்பை அளக்கும் கருவியொன்றைச் செய்துகொண்டிருந்தார். கையைக் கிட்டக் கொண்டுபோனால் அதன் ஒலி மாறியது. கடைக்காரர் கண்டன்சர் என்று சொல்லும் கொள்ளளவியைப் போல மனித உடலே வேலை செய்தது. அந்தத் தொல்லையையே அவர் இசையாக்கினார். 1922இல் லெனினுக்கு வாசித்துக் காட்டினார். 1929இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனி சுமார் 500 கருவிகள் செய்தது.

உள்ளே இரண்டு அலைவுச் சுற்றுகள். ஒன்றின் மீடிறன் செக்கனுக்கு 2,00,000, மற்றையது 2,00,440 என்றால், நாம் கேட்பது வித்தியாசமான 440.

நம் நாட்டு வானொலியும் அதே வால்வுக் காலத்துப் பிள்ளைதான். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் பாகங்களைக் கொண்டு எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. பிறகு முஸ்லிம் சேவையில் நோன்பு துறக்கும் அதானுக்காக நம் வீடுகள் காத்திருந்ததும் இந்த ரேடியோவைச் சுற்றித்தான்.

அந்தப் பெட்டிகளுக்குள் 200 வோல்ற்றுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும். சில ரேடியோக்களில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேரே தொடுத்திருக்கும். ஆகவே பழகிய திருத்துநர் தடையி ஒன்றின் வழியாக மின்னை இறக்கி, மீற்றரில் பார்த்த பிறகே தொடுவார்.

தெரமினைச் சுருதி சேர்க்கவும் முறை உண்டு. கருவியைப் பத்து, பதினைந்து நிமிடம் சூடாக விடுங்கள். திருகாணியின் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் திருப்புளியால் மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், மெல்லத் திருப்புங்கள். இரும்புத் திருப்புளியும் கையும் கிட்ட வந்தாலே சுருதி மாறும். விலகி நின்று ஒலி அடங்கினால் சரி. நம் துறைமுகத்து உப்புக் காற்றும் ஈரமும் அதை மறுபடி குலைக்கும்.

பெற்றோரே, பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்க வேண்டாம். 9 வோல்ற் பற்றரியில் ஓடும் திரான்சிஸ்ரர் தெரமினை அவர்கள் செய்யட்டும், நாங்கள் கூட இருப்போம். வாப்பாவின் ரேடியோவை மட்டும் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.