விண்ணப்பதாரியும் ரொக்கிராஜும்: 'கொரில்லா'வின் முதற்பகுதி பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஈழத்துப் புனைவில் டிஸ்டோப்பியா என்றொரு வகை இல்லை என்பது நமது விமர்சனத்தில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. நடந்தவையே போதிய அளவு கொடியவை, எழுத்தாளர் அவற்றுக்குச் சாட்சி சொன்னதே பெரிது, கொடிய எதிர்காலமொன்றைக் கற்பனை செய்ய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை என்று இதற்குக் காரணம் கூறப்படுகிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இந்தச் சாட்சிய வாசிப்புக்கு வாய்ப்பான நூலாக எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. அந்த முடிவை ஏற்க முடியாமற்போவதற்கும் இதே நூல்தான் காரணம் என்று கருதுகிறேன்.

பிணக்கு நாவலின் முதற்பகுதியில் இருக்கிறது. அது கதையாகத் தொடங்குவதில்லை. பிரான்சில் தஞ்சம் கோரும் ஒருவர் அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பமாக, இலக்கமிட்ட பந்திகளில் தொடங்குகிறது. விண்ணப்பதாரியின் பெயர் ஆசிரியரின் இயற்பெயரான அந்தோனிதாசனையே நினைவூட்டுகிறது. அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, 1993இல் பிரான்சை அடைந்தவர் ஷோபாசக்தி. இவ்வளவும் பொருந்தும்போது, இப்பகுதி ஆசிரியரின் சொந்த வாக்குமூலம், பின்னால் வருவது அதன் விரிவு என்று வாசிப்பது இலகு. சாட்சிய வாசிப்பின் அத்திவாரமே இந்த இலகுதான்.

ஆனால் நாவல் அப்படி விரியவில்லை. விண்ணப்பம் முடிந்ததும் 'நான்' மறைந்து, ரொக்கிராஜ் என்ற இளைஞன் படர்க்கையில் வருகிறான். தீவுப்பகுதிக் கிராமம் ஒன்றில் 'கொரில்லா' என்று பட்டப்பெயர் பெற்ற சண்டியரின் மகன் அவன். தகப்பனின் பெயர் அவனையும் விடாமல் துரத்துகிறது. இயக்கத்துக்குப் போகிறான், அந்த இயக்கத்தாலேயே தண்டிக்கப்படுகிறான். விண்ணப்பதாரியும் இவனும் ஒருவரே என்று அடித்துச் சொல்ல நாவல் இடம் தரவில்லை. இருவரும் வேறு வேறானவர்கள் என்று சொல்லவும் விடவில்லை. இந்த இடைவெளியைக் கட்டமைப்பின் தளர்ச்சியாகக் கண்டவர்கள் உண்டு. நாவலின் அரசியலே இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

புலம்பெயர் வாழ்வில் தஞ்சத்துக்காகக் 'கேஸ் எழுதுதல்' தனியொரு எழுத்து வகை. எந்தத் திகதியில், எந்த முகாமில், யாரால், எத்தனை நாள் என்று கேட்கும் அலுவலகத்துக்கு ஏற்றபடி வாழ்க்கையை அடுக்கித் தரவேண்டும். ஒரு திகதி பிசகினால் ஆள் பொய்யர். அதே கேள்விகளை யாழ்ப்பாணத்தவர் முன்னரே எதிர்கொண்டிருந்தனர். இராணுவச் சுற்றிவளைப்பில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவர்களின் விதியை, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும், முகத்தை மூடிய தலையாட்டி ஒரு அசைவில் தீர்மானித்தார். 1990க்குப் பின் புலிகளின் ஆட்சிப்பகுதியிலிருந்து வெளியேறுவதற்குப் பாஸ் வேண்டியிருந்தது, பிணைக்கு ஆள் வைக்கவேண்டியிருந்தது. இராணுவமும் இயக்கமும் அகதி அலுவலகமும் ஒரே அளவு கொடியவை என்று நான் சொல்லவரவில்லை. மூன்றும் மனிதரைப் பதிவாக்கி, பதிவோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாதவரை விலக்கின என்பதே என் கூற்று. விண்ணப்பத்தை முதலில் வைத்து, அதன் இலக்கங்களுக்குள் அடங்காத ஒருவனைப் பின்னால் அனுப்புவதன் மூலம் நாவல் இந்தப் பொறிமுறையை வாசகருக்கு அனுபவமாக்குகிறது. இரு பகுதிகளையும் ஒத்துப்பார்த்து, யார் இவன், எது உண்மை என்று துருவும் வாசகர், தம்மை அறியாமலே அந்த அதிகாரியின் கதிரையில் அமர்ந்துவிடுகிறார். சாட்சியம் என்று மட்டும் வாசித்த விமர்சனமும் அங்கேதான் அமர்ந்திருக்கிறது.

மனிதரைப் பதிவாக்கும் இந்தப் பொறிமுறையை டிஸ்டோப்பியாவின் ஒரு கிளையான சைபர்பங்கோடு சேர்த்து வாசிக்கலாம். வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் 1984இல் வெளிவந்தது. அதன்பின் சைபர்பங்க் என்றாலே மின்னொளி நகரமும் மூளையில் பொருத்திய கம்பியும் என்றாகிவிட்டது. இவை அவ்வகையின் அலங்காரங்கள். மனிதரை விடப் பெரிய தரவு அமைப்புகளும், அவற்றின் ஓரத்தில் கிடைத்த கருவிகளைத் தம் தேவைக்குத் திருப்பிக்கொள்ளும் எளியவர்களுமே அதன் கரு. 1990 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைபர்பங்குக்கு வேண்டிய உலகம் இங்கே ஏற்கெனவே இருந்தது என்று சொல்வதை மிகையாக நான் கருதவில்லை.

நாவலில் கணினி எங்கே என்று கேட்கலாம். கோப்பு தாளில் இருந்தாலென்ன, கணினியில் இருந்தாலென்ன? இந்த ஆட்சேபத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

நடந்ததை டிஸ்டோப்பியா என்று வகைப்படுத்துவது இறந்தவர்களின் உண்மையைக் கற்பனையாக்கிவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆயினும் நாவலின் அடிக்குறிப்புகள் இதற்கு விடை தருகின்றன. இயக்கங்களின் வரலாறு சார்ந்த விவரங்கள் பக்கத்தின் அடியில் வந்து நிற்கின்றன. மேலே புனைவு ஓடிக்கொண்டிருக்க, கீழே எந்த அலுவலகமும் கேட்காத ஒரு பதிவு சேர்கிறது. அதிகாரத்தின் கோப்புக்கு எதிராக எழுத்தாளர் தாமே ஒரு கோப்பைத் திறக்கிறார். எதிர்ப்பு என்று இந்நாவலில் ஒன்று உண்டென்றால், துப்பாக்கி ஏந்திய பாத்திரங்களிடம் அதை நான் காணவில்லை. இந்தச் சிறிய எழுத்துகளில்தான் காண்கிறேன்.

நாவலின் இறுதியில் வரும் பாரிஸ் பகுதி இந்த எதிர்க்கோப்பின் பின்னணியிலேயே விளங்குகிறது. தஞ்சம் கிடைத்த நகரத்தில் கதை ஆறுதலடையவில்லை. வன்முறை அங்கேயும் தொடர்கிறது. 1994 மே 1 அன்று புலிகளின் விமர்சகரான சபாரத்தினம் சபாலிங்கம் பாரிஸில் தம் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டதை அறிந்த தலைமுறைக்கு இது புதுமையல்ல. பாசிசம் என்ற சொல்லைப் புலம்பெயர் சிறுசஞ்சிகைகள் அரசை நோக்கி மட்டுமன்றி நம்முடைய இயக்கங்களை நோக்கியும் எழுதத் துணிந்த சூழல் அது. அத்துணிவு விலை கேட்டது. விண்ணப்பத்தில் 'பாதுகாப்பான நாடு' என்று ஒன்று முன்கூட்டியே ஏற்கப்பட்டிருக்கிறது. அதை நாவலின் இறுதிப்பகுதி மறுக்கிறது. எனவே முதற்பகுதியை வாக்குமூலமாகத் தனியே எடுத்து மேற்கோள் காட்டும் வழக்கத்தை இனிமேலும் தொடர முடியாது.