உப்பு நார்த்தங்காய்

உப்பு நார்த்தங்காய், நார்த்தங்காயை உப்பிலிட்டு வெயிலில் உலர்த்திச் செய்யும் எண்ணெயில்லாத ஊறுகாய். தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வீட்டிலேயே செய்யப்படுகிறது. நார்த்தை, எலுமிச்சையின் குடும்பமான ரூட்டேசியைச் சேர்ந்த சிறுமரம். வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்படுகிறது.

செய்முறை: முற்றிய பச்சைக் காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டாகிவிடாமல் சுருள் சுருளாக நறுக்குவர். சுருளுக்குள் கல்லுப்பை அடைத்து, பீங்கான் ஜாடியில் இட்டு, துணியால் வேடு கட்டி, நாள்தோறும் குலுக்கிவிடுவர். சாறு ஊறியதும் காய்களைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அதே சாற்றில் போடுவர். சாறு முழுதும் வற்றியபின் நன்றாக உலர்த்திச் சேமிப்பர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரம் இதற்கு ஆகாது; கோடை வெயிலே உகந்தது.

கெடாமைக்குக் காரணம்: உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது; சிட்ரிக் அமிலமும் உலர்ந்த தன்மையும் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கின்றன. ஈரக்கை படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். நாளாக ஆக நிறம் கறுத்து, கசப்பு தணிந்து, சுவை கூடும்.

பயன்: தயிர்சாதத்துக்கும் பழையசோற்றுக்கும் சிறந்த துணை. காய்ச்சலில் வாய் கசந்தவர்களுக்குக் கஞ்சியுடன் கொடுப்பது வழக்கம். நார்த்தை இலையை மிளகாய், ஓமம், உப்புடன் இடித்து வேப்பிலைக்கட்டி செய்வர்.

ஒப்பீடு: மொராக்கோவில் எலுமிச்சையை உப்பிலிட்டுப் பாதுகாக்கின்றனர். இத்தாலியிலோ நார்த்தை இனக் காயின் தடித்த தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கின்றனர்.