கீழ்வாயிலக்கத்தில் ஏழு

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு குளத்தையும் வயலையும் சார்ந்தது. நீரையும் விளைவையும் பங்கிட்டு வாழும் சமூகத்துக்குப் பின்னக் கணக்கு இன்றியமையாதது. ஒரு வயல் இருவருக்கு உரித்தாயின் ஆளுக்கு அரை, நால்வருக்காயின் கால். எழுவருக்காயின்? இவ்வினாவுக்குத் தமிழர் கணக்கு மரபில் உள்ள விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றுக்குக் குறைந்த எண்களை நம் முன்னோர் கீழ்வாயிலக்கம் என்றனர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160) என இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரியில் இவ்வரிசை நிற்கும். முந்திரியை மீண்டும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. எனவே இதனை 320ஐ அடியாகக் கொண்ட முறை எனலாம். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளின் நில அளவுகளும் இவ்வாறே முந்திரிக்குக் கீழும் இறங்கிச் செல்கின்றன.

320இன் முதன்மைக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. ஆதலால் 3, 7, 11 போன்ற முதன்மை எண்களால் வகுக்குமிடத்து மீதி ஒழிவதில்லை. ஏழில் ஒரு பங்கு என்பது 45 முந்திரி, அதாவது அரைக்காலும் காணியும் முந்திரியும். அதன்மேல் 228 கீழ்முந்திரி. அதற்குமேலும் கீழ்முந்திரியில் ஏழில் நான்கு எஞ்சும். தொடர்ந்து 320ஆல் பெருக்கி வகுத்தால் 45, 228, 182, 274, 91, 137 என்னும் ஆறு எண்களும் முடிவின்றி மீண்டு வரும். முன் மூன்றையும் பின் மூன்றையும் முறையே கூட்டிப் பார்க்க: 45உம் 274உம் 319, 228உம் 91உம் 319, 182உம் 137உம் 319. பத்தை அடியாகக் கொண்ட 142857இல் 142உம் 857உம் கூடி 999 ஆவதும் இவ்வியல்பே. இதனை 1836இல் பிரான்சு நாட்டவரான மிடி நிறுவினார்.

நம் மரபோ மீதியை வேறு வழியில் ஒழித்தது. கீழ்முந்திரிக்கு அடுத்த அலகாகிய இம்மி, அதன் 21இல் ஒரு பங்கு. இருபத்தொன்று மூன்றும் ஏழும் பெருகியது. எனவே எஞ்சிய ஏழில் நான்கு, சரியாகப் பன்னிரண்டு இம்மியாகிக் கணக்கு முடிகிறது. மூன்றில் ஒரு பங்கும் 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி என மீதியின்றி அமையும். இம்மியில் 11இல் ஒரு பங்கு மும்மி. அதனாற் பதினொன்றில் ஒரு பங்கு 29 முந்திரி, 29 கீழ்முந்திரி, 1 இம்மி, 10 மும்மி ஆகும். முறை எங்கெங்கு முட்டுப்பட்டதோ அங்கங்கே உரிய முதன்மை எண் அலகாகப் புகுந்திருத்தல் தற்செயல் எனத் தோன்றவில்லை.

இதுகொண்டு நவீன எண்கோட்பாடு முழுவதும் தமிழரிடம் இருந்தது என முழங்குதல் வரலாறு ஆகாது. மீளும் வரிசையின் பொது விதியை நிறுவுதல் வேறு. பங்கில் மீதி எஞ்சாதவாறு அலகு வகுத்தல் வேறு. பின்னதே நம் மரபில் தெளிவாகக் காணப்படுவது. ஒருவர் பங்கும் குறையலாகாது என்னும் நியாய உணர்வோடு அது நன்கு பொருந்துகிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. பின்னர் 2009 வரை நீடித்த போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காப்பதே அரிதான வேளையில் பழஞ்சுவடியைக் காப்பார் யார்? "இம்மியும் பிசகாது" என்னும் சொல் நம் நாவில் நிலைத்திருக்கிறது. இம்மி எத்தனையில் ஒன்று என்பதையோ மறந்துவிட்டோம். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள கீழ்வாய் வாய்பாட்டையேனும் கேட்டு எழுதிவைத்தல் பல்கலைக்கழக மாணவராகிய நமது கடனாகும்.