விழுப்புரம் வழியே வன்கொடுமைச் சட்டம்: பாதிக்கப்பட்டோரின் இடம், 1978–2016

1978 ஜூலை இறுதியில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். பெரியகாலனியில் குடிசைகள் எரிந்தன. அன்று தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்த ரயில் சந்திப்பு நகரின் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது. நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கொலை வழக்கும் நடந்தது. ஆனால் அந்த வழக்கில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்குச் சட்டம் என்ன இடம் கொடுத்திருந்தது என்று கேட்டால், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் இடம் மட்டுமே. ஜாமீன் மனு எப்போது வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் கடமையில்லை.

அப்போது கையிலிருந்தது 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக (பி.சி.ஆர்.) மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்கு அடிப்படையாக இருந்த 1969 அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர் இதே தென்னாற்காட்டின் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள். கிணறு, கோயில், தேநீர்க் கடை ஆகியவற்றில் விதிக்கப்படும் தடையைத்தான் அந்தச் சட்டம் குற்றமாகக் கண்டது. சாதியின் பெயரால் கொல்வதும் கொளுத்துவதும் அதன் வரம்புக்குள் வரவில்லை. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த வழக்கில் 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோதே இந்தப் போதாமை தெரிந்துவிட்டது. பிறகு பீகாரின் பெல்ச்சி, நம் விழுப்புரம், ஆந்திரத்தின் காரம்சேடு. இத்தனை சாவுகளுக்குப் பிறகே நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 1989இல் இயற்றியது. அது 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

இன்றும் எங்கள் பக்கத்தில் இந்த வழக்குகளைப் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் முன்ஜாமீன் இல்லை, கடமை தவறும் அதிகாரிக்கும் தண்டனை உண்டு என்ற இரண்டு விதிகளால் புதிய சட்டம் பழையதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. 1995இல் வந்த விதிகள் நிவாரணத்தை அரசின் கடமையாக்கின, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய வேண்டும் என்றன. காகிதத்தில் இவ்வளவும் இருந்தும், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபின் பாதிக்கப்பட்டவர் மறுபடியும் வெறும் சாட்சிதான்.

இந்த இடைவெளியில்தான் திண்டிவனம் முக்கியமாகிறது. 1993இல் செஞ்சி வட்டாரத்து அத்தியூரில் ஓர் இருளர் பெண் புதுச்சேரிக் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அந்த வழக்கில் உடன் நின்ற பேராசிரியர் பிரபா கல்விமணி, பின்னர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் திண்டிவனத்திலிருந்து வழிநடத்தினார். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி. மண்டபத்தில் நான்கு இருளர் பெண்கள் காவலர்கள்மீது இதே குற்றச்சாட்டைச் சொன்னபோதும் இந்தச் சங்கம் முன்னால் நின்றது. புகாரை எழுதித் தருவது, மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, மிரட்டல் வரும்போது பக்கத்தில் இருப்பது, எதிர்வழக்குக்கும் சமரசப் பேச்சுக்கும் அஞ்சாமல் சாட்சியை நிற்கவைப்பது: இவற்றில் எதையும் அன்றைய சட்டம் உரிமை என்று சொல்லவில்லை. இத்தகைய உழைப்பு இல்லாமல் இந்தச் சட்டத்தில் ஒரு வழக்கும் உயிரோடு இருக்காது என்பது என் கருத்து.

2013 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா இந்தத் துணையைத்தான் உரிமையாக்க முயன்றது. அது அப்போது நிறைவேறவில்லை. 2014 மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியபின் மீண்டும் மசோதா, நிலைக்குழு ஆய்வு, 2015 ஆகஸ்டில் மக்களவை, டிசம்பரில் மாநிலங்களவை என நகர்ந்து 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் இதயம் புதிதாகச் சேர்ந்த 15அ பிரிவு. ஜாமீன், விடுவிப்பு, தண்டனை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தகவல் தர வேண்டும். அவர் பேசுவதை நீதிமன்றம் கேட்க வேண்டும். பயணச் செலவும் பாதுகாப்பும் மறுவாழ்வும் உண்டு. சமூகப் பணியாளர், தொண்டு நிறுவனம், வழக்கறிஞர் ஆகியோரின் துணையைப் பெறவும் உரிமை உண்டு. திண்டிவனத்தில் சட்டத்தின் துணையின்றிச் செய்துவந்த வேலை, இருபதாண்டுகள் கழித்துச் சட்ட வாசகமாயிற்று. தகவல் தருவது கட்டாயம் என்பதை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஹரிராம் பாம்பி வழக்கில் உறுதிசெய்தது.

நிவாரணத் தொகையும் உயர்ந்தது. கொலைக்கு 8,25,000 ரூபாய் என 2016 விதிகள் வகுத்தன. அதைவிடப் பெரிய மாற்றம் அது வழங்கப்படும் முறையில் இருக்கிறது. முன்பு கால் பங்கு தண்டனைத் தீர்ப்புவரை காத்திருந்தது. இப்போது பாதி பிணக்கூறாய்வுக்குப் பிறகும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் தரப்பட வேண்டும்.

விழுப்புரத்தில் இப்போது தனிச் சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் அதன் வாசலுக்கு வருமுன் இருளர் குடும்பம் ஒன்று வேறொரு வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பழங்குடியினர் என்ற சாதிச்சான்று கோட்ட அளவில் வருவாய் அதிகாரியின் கையெழுத்தில் வருவது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் ஊர் ஊராக அலைபவர்களிடம் குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றும் கேட்டால் எங்கே போவார்கள்? சான்று இல்லையென்றால் வழக்கு சாதாரணத் தண்டனைப் பிரிவுகளோடு நின்றுவிடுகிறது. 15அ தரும் உரிமைகளும் நிவாரணமும் கிடைப்பதில்லை. தாக்கப்பட்டவர் பழங்குடியா என்பதை நேரில் விசாரித்து உறுதிசெய்யும் பொறுப்பைப் புலனாய்வு அதிகாரியும் கோட்டாட்சியரும் ஏற்கவேண்டும் என்று விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலிருந்தே அதற்கு ஒரு கெடுவும் வைக்கப்பட வேண்டும்.