பிரித்தறிதலும் பாகுபாடும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

ஃபிக்ஹுப் பாடங்களில் 'தம்யீஸ்' என்னும் சொல் அடிக்கடி வரும். பிரித்தறிதல் என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஏழு வயதில் பிள்ளைக்கு இத்திறன் வாய்க்கிறது என்பர் அறிஞர். அப்பருவத்துப் பிள்ளைக்கு 'முமய்யிஸ்' என்று பெயர். தொழுகையை ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் பெற்றோருக்குச் சொன்ன வயதும் அதுவே.

இதே சொல்லை இன்றைய அரபு நாளிதழில் காண்போமாயின் பொருள் வேறாக இருக்கும். நிற வெறியையும் இன ஒதுக்கலையும் அரபியர் 'தம்யீஸ் உன்ஸுரீ' என்கின்றனர். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் அரபுப் பாடத்திலும் பாகுபாட்டைக் குறிக்க 'தம்யீஸ்' என்றே உள்ளது. ஆங்கிலத்தின் 'டிஸ்கிரிமினேஷன்' என்ற சொல்லுக்கும் நுட்பமாக வேறுபடுத்தி அறிதல் என்பதே முந்தைய பொருள். தமிழிலும் அவ்வாறே. இலக்கண ஆசிரியர் திணைப் பாகுபாடு என்னும்போது வகைப்படுத்துதலைச் சொல்கிறார்; நாம் சாதிப் பாகுபாடு என்னும்போது அநீதியைச் சொல்கிறோம்.

மூன்று மொழிகளிலும் செயல் ஒன்றுதான்: பிரித்தல். எதை அளவுகோலாகக் கொண்டு பிரிக்கிறோம் என்பதிலேதான் அறமும் அநீதியும் விலகுகின்றன. சத்தியத்தையும் அசத்தியத்தையும் பிரிப்பதால் திருமறைக்கு 'ஃபுர்கான்' என்று பெயர். அத்திருமறையே, குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே உள்ளன என்றும், கண்ணியம் இறையச்சத்தைப் பொறுத்தது என்றும் ஸூரத்துல் ஹுஜுராத்தில் கற்பிக்கிறது. அரபிக்கு அரபியல்லாதவரைவிட மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறிவித்தார்கள்.

ஆயினும், ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் இந்த அளவுகோல் தவறிப்போனதை வரலாறு காட்டுகிறது. உமையாக்கள் ஆட்சியில் இஸ்லாத்தைத் தழுவிய அரபியல்லாதோர் ஏதேனும் ஓர் அரபுக் கோத்திரத்தைச் சார்ந்து 'மவாலி' என்ற பெயரில் வாழ்ந்தனர். கலிமாச் சொன்ன பின்பும் அவர்களில் பலரிடம் ஜிஸ்யா வரி வாங்கப்பட்டது.

717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் குராஸானிலிருந்து மூவர் தூது வந்தனர். இருவர் அரபியர்; ஒருவர் மவாலிகளைச் சேர்ந்தவர். அரபியர் இருவரும் பேசினர், மூன்றாமவர் பேசாதிருந்தார். கலீஃபா அவரைப் பார்த்து, நீரும் இத்தூதில் ஒருவர்தானே, ஏன் பேசவில்லை என்று வினவினார். அதன் பிறகே அவர் வாய் திறந்தார். மவாலிகளில் 20,000 பேர் ஊதியமும் உணவுப்படியும் இன்றிப் போரிடுவதையும், அதே அளவினர் இஸ்லாத்தைத் தழுவிய பின்பும் வரி செலுத்துவதையும் எடுத்துரைத்தார். இதனை இமாம் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்.

கிப்லாவை நோக்கித் தொழுவோரிடம் ஜிஸ்யா வாங்கக் கூடாது என்று கலீஃபா ஆளுநர் ஜர்ராஹுக்கு எழுதினார். மக்கள் விரைந்து இஸ்லாத்திற்கு வந்தனர். வரிக்கு அஞ்சியே வருகிறார்கள், கத்னா செய்துள்ளார்களா என்று சோதிக்க வேண்டும் என்ற யோசனை ஆளுநரிடம் கூறப்பட்டது. அவர் கலீஃபாவிடம் கேட்டார். அல்லாஹ் தன் தூதரை அழைப்பாளராகவே அனுப்பினான், கத்னா செய்பவராக அன்று எனும் கருத்தில் மறுமொழி வந்தது. பின்னர் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்த கலீஃபாவுக்குப் பின் குராஸானில் புதிய முஸ்லிம்கள் மீது வரி மீண்டும் விதிக்கப்பட்டது. 747இல் அங்கே வெடித்த அப்பாஸியக் கிளர்ச்சியில் மவாலிகள் பெருமளவில் சேர்ந்தனர். 750இல் உமையா ஆட்சி கவிழ்ந்தது.

இது நமக்கும் உரிய பாடம். சம்பந்தம் பேசும்போது மார்க்கப்பற்றை முதலில் விசாரிக்கிறோமா, வமிசத்தையா? இஸ்லாத்திற்குப் புதிதாக வந்த குடும்பத்தை, 'புதிதாக வந்தவர்கள்' என்றே எத்தனை தலைமுறைக்குச் சுட்டப்போகிறோம்? ஜமாஅத் கூட்டத்தில் பேசாமல் அமர்ந்திருப்பவரிடம், நீங்களும் எங்களில் ஒருவர்தானே, ஏன் பேசவில்லை என்று கேட்கிறோமா? ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் தம்யீஸ், ஹலாலையும் ஹராமையும் பிரித்தறியத்தான். மனிதரைத் தள்ளிவைக்கும் தம்யீஸை அப்பிள்ளை நம் பேச்சிலிருந்தே கற்றுக்கொள்கிறது. இதனை வீடுதோறும் எண்ணிப் பார்ப்போமாக. வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.