தனித்த மாலுமி சிலை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலில், கோல்டன் கேட் பாலத்தின் வடமுனையில் விஸ்டா பாயிண்ட் என்ற மேட்டில், வெண்கல மாலுமி ஒருவர் நிற்கிறார். மேலங்கியின் கழுத்துப்பட்டை குளிருக்காக உயர்த்தப்பட்டிருக்கிறது. கைகள் பைக்குள் உள்ளன. அருகில் உடைமைகள் அடைத்த நீண்ட துணிப்பை இருக்கிறது. கையில் ஆயுதம் இல்லை. சிலைக்கு உரியவர் என்று எவர் பெயரும் இல்லை. 'தனித்த மாலுமி' என்று பொருள்படும் 'லோன் செய்லர்' என்பதே இதன் பெயர்.

இதன் மூலச்சிலை கடற்கரையில் அமைந்ததன்று. தலைநகர் வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடைப்பட்ட பென்சில்வேனியா நிழற்சாலையில் உள்ள கடற்படை நினைவகத்தில் அது இருக்கிறது. தலைநகருக்கு வரைபடம் தீட்டிய பியர் லான்ஃபான் 1791ஆம் ஆண்டிலேயே கடற்படைக்கு ஒரு நினைவுத்தூண் வேண்டும் என்று எண்ணியிருந்தார். அது கட்டப்படவில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1977இல் ஓய்வுபெற்ற அட்மிரல் ஆர்லி பர்க் முதலானோர் அந்த எண்ணத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். நினைவகம் 1987 அக்டோபர் 13 அன்று, கடற்படையின் பிறந்தநாளில், திறந்துவைக்கப்பட்டது.

சிலையைச் செய்தவர் ஸ்டான்லி பிளைஃபெல்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் பணியாற்றியவர் அவர். தலைநகரில் குதிரை மீதமர்ந்த தளபதிகளின் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. பிளைஃபெல்டின் மாலுமியோ இருபத்தைந்து வயதைத் தாண்டாத கீழ்நிலைப் பணியாளர். வெண்கலத்தை உருக்கியபோது எட்டுப் போர்க்கப்பல்களிலிருந்து எடுத்த உலோகத் துண்டுகளை அதில் சேர்த்தனர். பாய்மரக் காலத்துக் 'கான்ஸ்டிடியூஷன்', 1898இல் அவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய 'மெய்ன்', விமானந்தாங்கிக் கப்பலான 'ஹான்காக்', அணுசக்தி நீர்மூழ்கியான 'சீவுல்ஃப்' ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பிற்காலத்தில் இச்சிலையின் படிகள் பல ஊர்களில் வைக்கப்பட்டன. கோல்டன் கேட் படி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இது கடற்படையினருக்கு மட்டும் உரியதன்று. மரைன் படையினர், கடலோரக் காவல் படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் என இந்த நீர்வழியே நாட்டுப் பணிக்குச் சென்ற அனைவருக்கும் உரியது. மாலுமி புறப்படுகிறாரா, திரும்பி வந்திருக்கிறாரா என்பது தோற்றத்தில் தெரியாது. வாஷிங்டனின் நடைபாதையில் அது வெறும் அழகு. இந்த மேட்டில் அதற்குப் பொருள் உண்டு.

பசிபிக் போரின்போது எண்ணற்ற கப்பல்கள் இப்பாலத்தின் அடியில் கடந்து சென்றன. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டின் பாகங்களைச் சுமந்த 'இண்டியானாபொலிஸ்' 1945 ஜூலை 16 அன்று இவ்வழியே சென்றது. டினியன் தீவில் சரக்கை இறக்கிய சில நாட்களில், ஜூலை 30 நள்ளிரவுக்குப் பின் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலில் அது மூழ்கியது. கப்பலில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். பிழைத்தவர்கள் 316 பேரே. கப்பல் வந்து சேராததைக் கரையில் எவரும் கவனிக்காததால், நீரில் தத்தளித்தவர்களுக்கு நான்கு நாட்களாக உதவி கிட்டவில்லை.

பெயரற்ற சிலை எல்லோரையும் குறிக்கும் என்பது அமைத்தவர்களின் கருத்து. ஆனால் முகம் ஒன்றுதான், அது வெள்ளையரின் முகம். அந்தப் போர்க்காலக் கடற்படையில் கறுப்பின மாலுமிகள் பெரும்பாலும் சமையல், பரிமாறல், சுமைதூக்கல் ஆகிய வேலைகளிலேயே ஒதுக்கப்பட்டனர். அதே விரிகுடாப் பகுதியில் உள்ள போர்ட் சிகாகோ துறையில் 1944 ஜூலை 17 அன்று, கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த வெடிமருந்து வெடித்து 320 பேர் இறந்தனர். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். உரிய பயிற்சியின்றி அவ்வேலையில் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். அடுத்த மாதம் மீண்டும் வெடிமருந்து ஏற்றப் பணித்தபோது 258 பேர் மறுத்தனர். 50 பேர்மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டு, ஐம்பதின்மரும் தண்டனை பெற்றனர். போர் முடிந்தபின் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டாலும் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. வெடிவிபத்தின் 80ஆம் ஆண்டு நினைவுநாளான 2024 ஜூலை 17 அன்றுதான் கடற்படை அவர்களைக் குற்றமற்றவர்கள் என அறிவித்தது.